உண்ணி கடித்தால் உயிர் போகுமா? – ஒரு பள்ளத்தாக்கின் கதை

மாட்டின் காது மடலிலும், நாயின் கழுத்திலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, உண்ணி! பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த உண்ணியால் ஒரு பள்ளத்தாக்கே நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் போன ஆராய்ச்சியாளர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. கடைசியில் அதற்கு மருந்து வந்த கதையில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்கும் பங்கு உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கருப்புத் தட்டம்மை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் மேற்கில் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு இருக்கிறது. நடுவே ஓர் ஆறு, இரண்டு பக்கமும் மலை. பார்க்க மிக அழகான இடம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேறியவர்களை ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஒரு காய்ச்சல் தாக்கியது. கடும் ஜுரம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. சில நாட்களில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றி உடம்பெங்கும் பரவும். நோய் முற்றினால் புள்ளிகள் கருத்துவிடும். அதனால் மக்கள் இதைக் 'கருப்புத் தட்டம்மை' என்று அழைத்தார்கள். மருத்துவர்கள் வைத்த பெயர் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆற்றின் மேற்குக் கரையில்தான் நோய் வந்தது, கிழக்குக் கரையில் கிட்டத்தட்ட இல்லை. மேற்குக் கரையில் நோய் வந்தவர்களில் 100 பேருக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோவிலும் இதே காய்ச்சல் இருந்தது, ஆனால் அங்கே 100க்கு 5 பேர் அளவில்தான் இறந்தார்கள். ஒரே நோய், ஏன் இந்த வித்தியாசம்? யாருக்கும் புரியவில்லை. மலையிலிருந்து உருகி வரும் பனித் தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று ஊர்க்காரர்கள் நம்பினார்கள்.

நோயை விடப் பெரிய பயம்

1902ல் மொன்டானா அரசு, மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வில்சன், சௌனிங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களை வரவழைத்தது. ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைப் பார்த்ததாகவும், உண்ணிதான் அதைப் பரப்புகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த ஒட்டுண்ணி தவறு, உண்ணி சரி! ஆனால் பாதி தவறாக இருந்ததால் மீதிப் பாதியையும் பலர் நம்பவில்லை. பிறகு வந்த ஸ்டைல்ஸ் என்ற பெரிய விலங்கியல் நிபுணர், அப்படி ஓர் ஒட்டுண்ணியே இல்லை என்று சரியாகச் சொன்னார். கூடவே உண்ணிக் கொள்கையையும் மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பைக் கேட்டுப் பள்ளத்தாக்கில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. காரணம், வியாபாரம். அந்த ஆண்டுகளில் பிட்டர்ரூட்டில் நிலத்தின் விலை எகிறிக்கொண்டிருந்தது. பெரிய பாசனக் கால்வாய் வெட்டி, நிலத்தை ஆப்பிள் தோட்டங்களாகப் பிரித்து, வெளியூர்க்காரர்களிடம் விற்றார்கள். 'இங்கே உண்ணி கடித்தால் சாவு' என்ற செய்தி வெளியே போனால் யார் நிலம் வாங்குவார்கள்? அதனால் நோயைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதையே நில வியாபாரிகள் விரும்பவில்லை. ஒரு நோயை மறைத்தால் அதனால் யாருக்கு லாபம் என்ற கேள்வி இந்தக் கதை முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

ரிக்கெட்ஸ் வந்தார்

1905ல் ஐடஹோவில் மெக்கல்லா, பிரரெட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த உண்ணியை, சம்மதித்த ஆரோக்கியமான ஒருவரைக் கடிக்க விட்டார்கள். அவருக்கும் காய்ச்சல் வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். இன்றைக்கு எந்த நாட்டிலும் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது.

1906ல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் மொன்டானாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 35. அவர் அவசரப்படவில்லை. முதலில் நோயாளியின் ரத்தத்தைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினார், அதற்குக் காய்ச்சல் வந்தது. நோயுள்ள கினிப் பன்றியில் ஓர் உண்ணியை ஒட்டவிட்டு, அதே உண்ணியை ஆரோக்கியமான கினிப் பன்றிக்கு மாற்றினார். அதற்கும் காய்ச்சல்! பிறகு காட்டில் பிடித்த உண்ணிகளிலேயே நோய் இருப்பதைக் காட்டினார். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் கிருமி போகிறது என்பதையும் நிரூபித்தார். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நின்றது. அதன் பிறகு மறுத்துப் பேச இடமில்லாமல் போனது.

கிருமியையும் அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். மிகச் சிறிய, இரு முனையிலும் சாயம் ஏறும் பாக்டீரியா போன்ற ஒன்று. ஆனால் எந்த ஆய்வகக் கிண்ணத்திலும் அது வளர மறுத்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. உயிருள்ள செல்லுக்கு உள்ளே மட்டுமே வாழக்கூடிய வகை அது.

1909ல் ஆராய்ச்சியைத் தொடரப் பணச் சிக்கல் வந்தது. மாநில அரசின் பணம் உரிய நேரத்தில் கைக்கு வரவில்லை. ரிக்கெட்ஸ் மெக்சிகோ நகரத்துக்குப் போனார். அங்கே பரவியிருந்த டைஃபஸ் காய்ச்சல், பார்வைக்குப் புள்ளிக் காய்ச்சலைப் போலவே இருந்தது. (டைஃபாய்டு வேறு, டைஃபஸ் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டைஃபஸை பேன் பரப்புகிறது. அதை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அந்த நோய் அவரைத் தொற்றியது. 1910 மே 3ஆம் தேதி, 39 வயதில் இறந்தார்.

1916ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி ரோஷா லிமா, டைஃபஸ் கிருமிக்கு 'ரிக்கெட்சியா ப்ரோவாசெக்கி' என்று பெயர் வைத்தார். ரிக்கெட்ஸைப் போலவே டைஃபஸை ஆராய்ந்து அதிலேயே இறந்த ப்ரோவாசெக்கின் பெயரையும் சேர்த்தார். புள்ளிக் காய்ச்சலின் கிருமிக்குப் பிற்பாடு நிலைத்த பெயர் 'ரிக்கெட்சியா ரிக்கெட்சி'. ஒரே மனிதரின் பெயர் இரண்டு முறை!

பள்ளிக்கூடத்தில் ஒரு தடுப்பூசி

உண்ணிதான் எதிரி என்று தெரிந்த பிறகு, மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் திட்டம் வந்தது. விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிடும், செலவு யார் தலையில் என்று சண்டை. உண்ணி ஒழிப்பு வேலைக்கு வந்த மெக்ளின்டிக் என்ற அரசு மருத்துவர் 1912 ஆகஸ்டில் அதே காய்ச்சலில் இறந்தார்.

1921ல் ஒரு மாநில செனட்டரும் அவர் மனைவியும் இந்த நோயில் இறந்தார்கள். அதுவரை எத்தனையோ மரம் வெட்டும் தொழிலாளிகளும் விவசாயிகளும் இறந்திருந்தார்கள். ஆனால் செனட்டர் இறந்த பிறகுதான் மேலே வேகம் பிறந்தது.

ஹாமில்டன் ஊருக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகம் தொடங்கியது. ஸ்பென்சர், பார்க்கர் என்ற இருவர் அங்கே தடுப்பூசி தயாரித்தார்கள். எப்படித் தெரியுமா? நோயுள்ள உண்ணிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, அதைத்தான் ஊசியாகப் போட்டார்கள். 1924ல் ஸ்பென்சர் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அந்தத் தடுப்பூசி நோயை முழுதாகத் தடுக்கவில்லை, ஆனால் சாவைக் குறைத்தது. தயாரித்தவர்களுக்கோ பெரிய ஆபத்து. ஆய்வகப் பணியாளர்கள் சிலர் தொற்றி இறந்தார்கள். பிரேசிலில் இதே போன்ற தடுப்பூசியைத் தயாரிக்க முயன்ற லெமோஸ் மொன்டெய்ரோவும் அவர் உதவியாளரும் 1935ல் இறந்தார்கள்.

1928ல் ஹாமில்டனில் புதிய ஆய்வகக் கட்டடம் வந்தபோது, உண்ணிகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று மக்கள் பயந்தார்கள். அதனால் கட்டடத்தைச் சுற்றி அகழி கட்டினார்கள், கோட்டைக்குக் கட்டுவது போல! 1938ல் அங்கே வேலை பார்த்த ஹெரால்ட் காக்ஸ், கோழி முட்டையின் மஞ்சள் கருப் பையில் இந்தக் கிருமியை வளர்க்கலாம் என்று காட்டினார். அதன் பிறகு உண்ணியை அரைக்கும் ஆபத்தான வேலைக்கு அவசியம் குறைந்தது.

மருந்து வந்தது

தடுப்பூசி இருந்தும், நோய் வந்துவிட்டால் கொடுக்க மருந்து இல்லை. பென்சிலின் வேலை செய்யவில்லை. சல்ஃபா மருந்துகள் நோயை இன்னும் மோசமாக்கின. 

விடை மண்ணிலிருந்து வந்தது. வெனிசுவேலாவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து குளோராம்ஃபெனிக்கால் 1947ல் வந்தது. மிசௌரி பல்கலைக்கழக வயலின் மண்ணிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் ஆரியோமைசின் என்ற மஞ்சள் நிற மருந்தைக் கண்டெடுத்தார். அப்போது டக்கருக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தது! 1948ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுதான்.

டக்கர் வேலை பார்த்த லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சி இயக்குநர் யார் தெரியுமா? எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். 1923ல் அமெரிக்கா போனார். ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அதே 1948ல், ஆகஸ்ட் மாதம் 53 வயதில் இறந்துவிட்டார்.

புதிய மருந்துகள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. மருந்து இல்லாத காலத்தில் மொத்தத்தில் 4 அல்லது 5 பேருக்கு ஒருவரைக் கொன்ற நோய், சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும் நோயானது. 1967ல் வந்த டாக்சிசைக்ளின்தான் இன்றும் முதல் மருந்து. பெரியவர்களுக்கு 100 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, காய்ச்சல் விட்டுக் குறைந்தது 3 நாள் வரை. கேட்டால் மிகச் சாதாரண மாத்திரை. (மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்!)

அப்படியென்றால் இன்னும் ஏன் சாகிறார்கள்?

நியாயமான கேள்வி. கிருமி ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. சுவர் பழுதாகி ரத்தமும் நீரும் கசிகின்றன. தோலில் நடந்தால் அது புள்ளி. மூளையிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நடந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் தொடங்கி 5 நாட்களுக்குள் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதைத் தாண்டினால் சாவு வேகமாக ஏறுகிறது.

ஆனால் ரத்தப் பரிசோதனை தேடுவது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது முதல் வாரத்தில் பெரும்பாலும் தெரியாது. அதாவது பரிசோதனை 'இல்லை' என்று சொல்லும் நாட்களில்தான் மருந்து கொடுத்தாக வேண்டும்! புள்ளிகளும் காய்ச்சல் வந்து 2 முதல் 4 நாள் கழித்துத்தான் வரும், சிலருக்கு வரவே வராது. உண்ணி கடித்ததே பலருக்கு நினைவிருக்காது, கடி வலிக்காது. எனவே சந்தேகம் வந்தவுடன் மருந்தைத் தொடங்கு, முடிவுக்குக் காத்திருக்காதே என்பதுதான் மருத்துவர்களுக்குச் சொல்லப்படும் விதி.

இன்னொரு தடையும் இருந்தது. டெட்ராசைக்ளின் சிறு குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்பதால், 8 வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளின் கொடுக்கவே பல மருத்துவர்கள் பயந்தார்கள். பல்லைக் காப்பாற்றப் போய் குழந்தையை இழக்கும் நிலை. இந்த நோய்க்காக டாக்சிசைக்ளின் சாப்பிட்ட 58 குழந்தைகளின் பற்களை, சாப்பிடாத குழந்தைகளின் பற்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2015ல் வெளிவந்தது. கறை எதுவும் தெரியவில்லை. இப்போது எந்த வயதானாலும் அதுதான் முதல் மருந்து.

நோயும் இடம் மாறிவிட்டது. 'ராக்கி மலை' என்று பெயர் இருந்தாலும், இன்று அதிகம் வருவது வட கரோலினா, டென்னசி, ஆர்கன்சா போன்ற கிழக்கு, தெற்கு மாநிலங்களில். 2003 முதல் அரிசோனாவின் பழங்குடிப் பகுதிகளில் சாதாரண நாய் உண்ணி வழியாகவே பரவியது. அங்கே நாய்களுக்கு மருந்துப் பட்டை கட்டி, வீடு வீடாக மருந்து தெளித்துத்தான் குறைத்தார்கள். பெயரைப் பார்த்து, 'இது நம்ம ஊரில் வராது' என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

நம் நாட்டிலும் இதன் உறவினர் உண்டு. 1917ல் மெகா என்ற மருத்துவர், குமாவுன் மலையில் உண்ணி கடித்துத் தனக்கே வந்த காய்ச்சலைப் பதிவு செய்தார். இன்று அதற்கு இந்திய உண்ணி டைஃபஸ் என்று பெயர். தமிழ்நாட்டில் அதிகம் பார்க்கப்படும் ஸ்க்ரப் டைஃபஸும் இதே வம்சம்தான். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, அதைவிடச் சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் புண் இருக்கலாம். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. அதற்கும் டாக்சிசைக்ளின் கேட்கும்.

ஆகவே, விடாத காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கேட்காமலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒன்று, கடந்த இரண்டு வாரத்தில் காடு, புதர், வயல் பக்கம் போனதுண்டா? இரண்டு, வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கிறதா? பிட்டர்ரூட்டில் இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகளும் பல உயிர்களும் ஆயின. இன்று அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.