இரவல் கூடத்தில் ஒரு நாடகக் குழு

பம்பாய்க்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்கு ‘தாதர் எக்ஸ்பிரஸ்’ என்றால் விளக்கம் வேண்டாம். தாதரில் இறங்கி தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பிரிந்து போவார்கள். அதே நிலையத்தின் மேற்குப் பக்கம் பாலமேறி இறங்கி, கடைவீதி நெரிசலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் சபில்தாஸ் சந்து. இன்று அங்கே கூட்டம் சேர்வது படாட்டா வடைக்காக. ஆனால் மராத்தி நாடகக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஓர் இயக்கத்தின் பெயர். 1974 முதல் அங்குள்ள பள்ளிக்கூடத்தின் கூடத்தில் ‘ஆவிஷ்கார்’ என்ற குழு நாடகம் போட்டது. இயக்கத்துக்குக் குழுவின் பெயர் நிற்கவில்லை, வாடகைக்கு எடுத்த கூடத்தின் பெயர்தான் நின்றது.

கதை அதற்கு முன்பே, ஒரு நாடகத்திலிருந்து தொடங்குகிறது. விலே பார்லேயில் மாதிரி வழக்கு நிகழ்ச்சி நடத்தப் போய்க்கொண்டிருந்த ஒரு குழுவின் பேச்சு நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் காதில் விழுந்தது. அதிலிருந்து பிறந்தது ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’. 1967இல் விஜயா மேத்தாவின் ‘ரங்காயன்’ குழு அதை மேடையேற்றியது. இயக்கம் அரவிந்த் தேஷ்பாண்டே. நாயகி லீலா பெணாரேவாக அவர் மனைவி சுலபா. நாடகத்தில், பம்பாயிலிருந்து வந்த அமெச்சூர் குழு ஒரு சிற்றூர்க் கூடத்தில் காத்திருக்கிறது. பொழுது போகவேண்டுமே என்று, தங்களில் ஒருத்தியான பள்ளி ஆசிரியை பெணாரேயைக் கூண்டில் ஏற்றி, சிசுக்கொலைக் குற்றம் சாட்டி விளையாடுகிறார்கள். மணமாகாத அவள் கருவுற்றிருப்பது வெளியே வர வர, விளையாட்டு வேட்டையாகிறது. ஓடிப்போகவும் வழியில்லை, கதவு வெளிப்பக்கம் தாழிட்டுக்கொண்டுவிட்டது.

1971இல் சத்யதேவ் துபே இதைப் படமாக்கியபோதும் பெணாரே சுலபாதான். ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படத்தில் ஸ்ரீதேவியின் மாமியாராக வரும் சாந்தமான அம்மாளை நினைவிருக்கிறதல்லவா? அவரேதான். அந்தச் சாந்தத்தை மட்டும் பார்த்த நம் ஆட்கள் பெணாரேயைப் பார்த்திருக்கவேண்டும்.

ரங்காயனிலிருந்து பிரிந்து வந்த அரவிந்த், சுலபா, அருண் காகடே ஆகியோர் தெண்டுல்கரின் துணையோடு 1971இல் ஆவிஷ்காரைத் தொடங்கினார்கள். முதல் நாடகம் ‘துக்ளக்’. கிரிஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதியது, தெண்டுல்கரின் மராத்தி ஆக்கம். அது வெளிவந்த 1964இல் கர்னாட் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம் பக்கத்துச் சேதி. சுல்தான், அரசவை, தலைநகர் மாற்றம் என்று பெரிய மேடை கேட்கும் நாடகம் அது. அதைப் போட்ட குழு மூன்றே ஆண்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததை இறக்கம் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய அரங்கின் வாடகையைக் கட்ட டிக்கெட் விற்றாகவேண்டும். டிக்கெட் விற்கவேண்டுமென்றால் ரசிகருக்குப் பிடித்ததைப் போட்டாகவேண்டும். சபில்தாஸ் கூடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. நாடகம் தோற்றால் ஒரு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

ஆவிஷ்கார் செய்த பெரிய காரியம், அந்தக் கூடத்தை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. துபேயின் ‘தியேட்டர் யூனிட்’ வந்தது. அமோல் பாலேகரின் ‘அனிகேத்’ வந்தது. பாதல் சர்க்காரின் வங்க நாடகம் ‘மிச்சில்’, ‘ஜுலூஸ்’ என்ற பெயரில் அங்கே நடந்தது. மேடையும் திரையும் வேண்டாம், பார்ப்பவர் நடுவிலேயே ஊர்வலம் போகட்டும் என்பது சர்க்காரின் கட்சி. வெறுங்கூடம் அதற்குத் தோதாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது நடிகர் கத்த முடியாது. பொய்யாக அழுதால் உடனே தெரிந்துவிடும். இதே சர்க்கார் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்குதான் தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலருக்குத் திருப்புமுனையாக அமைந்தது.

மாட்டுங்காத் தமிழர்களுக்கோ நாடகமென்றால் சண்முகானந்தா அரங்கு. சென்னையிலிருந்து வரும் சபா நாடகம், ஏறக்குறைய மூவாயிரம் இருக்கை, வசனத்துக்கு வசனம் சிரிப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஸ்டேஷனில் இப்படியொன்று நடந்துகொண்டிருந்ததைப் போய்ப் பார்த்த தமிழர் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1987 ஜனவரியில் அரவிந்த் காலமானார். அவர் பெயரில் ஜனவரிதோறும் விழா எடுக்கும் வழக்கம் வந்தது. சுலபா ‘சந்திரசாலா’ என்ற சிறுவர் பிரிவை வளர்த்தார். 1990களில் சபில்தாஸ் கைவிட்டுப் போக, குழு மாஹிமில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கூடத்துக்குக் குடிமாறியது. மறுபடியும் பள்ளிக்கூடம், மறுபடியும் இரவல்.

சொந்த அரங்கு இல்லாத அதே குழுதான் 1994இல் மகேஷ் எல்குஞ்ச்வாரின் ‘வாடா சிரேபந்தி’யையும் அதைத் தொடர்ந்த இரண்டு நாடகங்களையும் சந்திரகாந்த் குல்கர்னி இயக்கத்தில் ஒரே அமர்வாகப் போட்டது. விதர்பாவின் பழைய பிராமணக் குடும்பம் ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை சிதைந்து போவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கவேண்டும். வணிக நாடகக் கம்பெனி எதுவும் கையைச் சுட்டுக்கொள்ள விரும்பாத காரியம்.

இத்தனைக்கும் பின்னால் நின்றவர் காகடே. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள். கூடத்துக்கு அனுமதி, காசுக்கு வழி, அடுத்த மாத நாடகத்துக்கு ஆள் என்று 2019இல் இறக்கும் வரை அவர்தான் அலைந்தார்.