லாரிங்கோஸ்கோப்பி: குரல்நாணைக் கண்ணால் பார்த்த கதை

வாயை எவ்வளவு அகலத் திறந்தாலும் உள்நாக்கு வரைதான் பார்வை போகும். அதற்கப்பால் தொண்டை கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தின் அடியில், நாக்கின் வேருக்கும் குரல்வளை மூடிக்கும் பின்னால் ஒளிந்து கிடக்கின்றன இரண்டு குரல்நாண்கள். பெரியவர்களுக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டரை சென்டிமீட்டர். மூச்சு இழுக்கும்போது முக்கோணமாக விரியும். பேசும்போது ஒன்று சேர்ந்து அதிரும். சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேல், பெண்களுக்கு இருநூறு முறை அளவில் அந்த அதிர்வு நடக்கிறது. உயிரோடு இருப்பவரின் தொண்டையில் இதை நேரில் பார்க்கும் சோதனைதான் லாரிங்கோஸ்கோப்பி.

இன்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனைக்கு இருநூறு ஆண்டு முயற்சி தேவைப்பட்டது. தடை இரண்டு. இருட்டான, வளைந்த பாதைக்குள் வெளிச்சத்தைக் கொண்டுபோக வேண்டும். தொண்டையில் எது பட்டாலும் குமட்டும் உடம்பை அமைதிப்படுத்த வேண்டும்.

முதலில் துணிந்தவர் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் பிலிப் போட்சினி. மெழுகுவர்த்தியை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி, குழாய் வழியாக உடலின் உள்ளறைகளுக்கு அனுப்பும் கருவியை அவர் உருவாக்கினார். அதைப் பற்றிய விளக்கம் 1807ல் வெளிவந்தது. வியன்னா மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. 1809ல் டைபஸ் காய்ச்சலில் போட்சினி இறந்தபோது வயது 35. இருபது ஆண்டு கழித்து, 1829ல், லண்டனில் பெஞ்சமின் கை பாபிங்டன் நாக்கை அழுத்திக்கொண்டே கண்ணாடியில் தொண்டையைப் பார்க்க ஒரு கருவியைக் காட்டினார். அதுவும் பரவவில்லை.

வழி திறந்தது ஒரு பாட்டு வாத்தியாரால்.

மானுவல் கார்சியா 1805ல் பிறந்தவர். குடும்பமே இசைக் குடும்பம். தந்தை, ரோசினியின் ‘செவில் நகர நாவிதன்’ ஓபரா 1816ல் முதன்முதலாக மேடையேறியபோது அதில் பாடிய டெனர். தங்கைகள் மரியா மாலிப்ரானும் பவுலின் வியார்தோவும் ஐரோப்பா கொண்டாடிய பாடகிகள். மகன் கார்சியாவுக்கு மட்டும் மேடை நிலைக்கவில்லை. இளமையிலேயே பாடுவதை விட்டுவிட்டுக் கற்பிக்க வந்தார். குரல் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. பாரிஸின் ராணுவ மருத்துவமனைகளில் உடற்கூறு கற்றார். 1840 வாக்கில் மனிதக் குரலைப் பற்றி பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு ஓர் ஆய்வுரை கொடுத்தார். 1841ல் ஸ்வீடனிலிருந்து ஒரு பாடகி கெட்டுப்போன குரலோடு அவரைத் தேடி வந்தபோது, பாடம் எடுக்கவில்லை. சில வாரங்கள் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் ஜென்னி லிண்ட். அவருடைய குரல் மீண்டது, புகழும் வந்தது. தொண்டைக்குள் எதையும் பார்க்காமலே சொன்ன வைத்தியம் அது. கார்சியாவுக்குப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை.

1854ல் பாரிஸின் பாலே ரோயால் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறிப்பதைக் கண்டார். அந்த நொடியில் யோசனை பிறந்ததாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். மருத்துவக் கருவிகள் செய்யும் ஷாரியேரின் கடைக்குப் போய், நீண்ட கைப்பிடி கொண்ட பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார். மூச்சுக் காற்றில் மங்காமல் இருக்க வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்கை ஒட்டி வைத்தார். மறு கையில் இருந்த முகக் கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். குரல்வளை விரிந்து கிடப்பது தெரிந்தது. அடுத்து அவர் செய்ததுதான் அவர் யாரென்று காட்டுகிறது: நோய் தேடவில்லை, பாடிப் பார்த்தார். சுருதி ஏற ஏறக் குரல்நாண்கள் எப்படி இறுகுகின்றன, எவ்வளவு நெருங்குகின்றன என்று தன் தொண்டையிலேயே கவனித்து எழுதினார். அந்தக் கட்டுரை 1855ல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

மருத்துவர்களில் முதலில் பற்றிக்கொண்டவர் வியன்னாவின் லுட்விக் ட்யுர்க். 1857ல் அவர் நோயாளிகளிடம் கண்ணாடியைப் பயன்படுத்தினார். குளிர்காலத்தில் வெயில் போனதும் ஒதுக்கி வைத்துவிட்டார். அவரிடமிருந்து கண்ணாடிகளைக் கடன் வாங்கிய யோஹான் செர்மாக் சூரியனுக்காகக் காத்திருக்கவில்லை. விளக்கொளியை நடுவில் துளையிட்ட குழிக்கண்ணாடியால் குவித்து, அந்தத் துளை வழியாகவே பார்த்தார். தொண்டை மருத்துவர் நெற்றியில் கட்டும் வட்டக் கண்ணாடியின் மூலம் இதுதான். செர்மாக் ஊர் ஊராகப் போய்த் தன் தொண்டையையே காட்டி விளக்கினார். யார் முந்தியவர் என்று இருவரும் பல ஆண்டு மோதிக்கொண்டார்கள்; பிரெஞ்சு அகாதமி 1861ல் இருவரையும் சேர்த்தே கௌரவித்தது. குமட்டலுக்கு மருந்து 1884ல் வியன்னாவில் கிடைத்தது. கண்ணை மரக்கச் செய்ய கார்ல் கோலர் கொக்கைனைப் பயன்படுத்திய அதே ஆண்டில், எட்முண்ட் எலினெக் அதைக் குரல்வளையில் தடவிப் பார்த்தார்.

புதிய கண்ணாடியின் பலமும் பலவீனமும் ஒரு பேரரசின் அரண்மனையில் வெளிப்பட்டன. 1887 தொடக்கத்தில் ஜெர்மன் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மியது. பெர்லின் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் கண்ணாடியில் பார்த்து, இடது குரல்நாணில் சிறு முண்டு இருப்பதைக் கண்டார்; சூடேற்றிய கம்பியால் திரும்பத் திரும்பச் சுட்டார். முண்டு மறுபடி வளர்ந்தது. புற்று என்று சந்தேகித்த அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபோன் பெர்க்மன் குரல்வளையைத் திறந்து அகற்றலாம் என்றார். மே மாதம் லண்டனிலிருந்து மோரல் மெக்கன்சி வரவழைக்கப்பட்டார். செர்மாக்கிடமே கண்ணாடியைக் கையாளக் கற்று, 1863ல் லண்டனில் தொண்டைக்கென்றே மருத்துவமனை தொடங்கியவர் அவர். முதலில் சதையை எடுத்துச் சோதிப்போம் என்றார். அவர் கிள்ளியெடுத்த துணுக்குகளை ருடால்ஃப் விர்ஹோ நுண்ணோக்கியில் பார்த்தார். புற்றுக்கான சான்று இல்லை என்றார். அறுவை கைவிடப்பட்டது.

நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில், புற்றுதான் என்று தெளிவானது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட வேண்டியிருந்தது. மார்ச்சில் தந்தை இறந்து பிரெடரிக் பேரரசரானபோது பேச்சு போய்விட்டது. உத்தரவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 99 நாள் ஆட்சிக்குப் பின் ஜூன் 15 அன்று இறந்தார். பழியை யார் தலையில் போடுவது என்று ஜெர்மன் மருத்துவர்களும் மெக்கன்சியும் புத்தகம் போட்டுச் சண்டையிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால், சதையைச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது என்ற மெக்கன்சியின் நிலை இன்றைய மருத்துவத்தின் நிலையும்கூட. ஆனால் தலைகீழான சிறு பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு, வளைந்த இடுக்கியால் எடுத்த துணுக்கு சரியான இடத்திலிருந்து வந்ததா என்பதற்கு உறுதி சொல்ல அன்று வழியில்லை. அந்தக் குறையை உணர்ந்து பார்க்கும்போது, அடுத்து வந்த கருவிகளின் அவசரம் புரிகிறது.

1895ல் பெர்லினில் ஆல்ஃப்ரெட் கிர்ஷ்டைன் பிம்பத்தை விட்டுவிட்டு நேராகவே பார்த்தார். தலையை வாகாகச் சாய்த்து, தகடு போன்ற கருவியால் நாக்கின் அடியை முன்னே தள்ளினால் குரல்நாண் கண்ணுக்கு நேர்கோட்டில் வந்துவிடும். மயக்க மருந்து நிபுணர்கள் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப் பயன்படுத்தும் கருவி இந்த மரபில் வந்ததே.

கார்சியா கேட்ட கேள்விக்கு, அதாவது நாண் எப்படி அசைகிறது என்பதற்கு, கண்ணாடி மட்டும் போதவில்லை. நொடிக்கு இருநூறு அதிர்வைக் கண் பிரித்தறியாது. மங்கலான விளிம்புதான் தெரியும். 1878ல் மாக்ஸ் யோசஃப் ஓர்ட்டெல் இதற்கு ஸ்ட்ரோபோஸ்கோப் உத்தியைக் கொண்டுவந்தார். குரலின் அதிர்வெண்ணைவிடச் சற்றே விலகிய வேகத்தில் வெளிச்சத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினால், ஒவ்வொரு மின்னலும் அடுத்தடுத்த அதிர்வின் சற்றுத் தள்ளிய கட்டத்தைக் காட்டும். கண் அவற்றைக் கோத்து, நாண் மெதுவாக அலைபோல் புரள்வதாகக் காணும். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் நொடிக்கு 4,000 படம் எடுக்கும் கேமராவால் உண்மையான மெதுவசைவையே படமாக்கியது. 1974ல் ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மினோரு ஹிரானோ, நாணின் மென்மையான மேற்பரப்பு உள்ளிருக்கும் தசைமேல் வழுக்கி அசைவதுதான் குரலுக்கு அடிப்படை என்று அடுக்கடுக்காக விளக்கினார். அலை ஓரிடத்தில் புரளாமல் விறைத்து நின்றால் அங்கே வடுவோ கட்டியோ இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவது இதனால்தான்.

மூக்கு வழிக்கு வித்திட்டவர்களும் ஜப்பானியரே. கண்ணாடி இழைக் கற்றை ஒளியையும் படத்தையும் வளைந்தபடி கடத்தும் என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. 1968ல் மசயுகி சவாஷிமாவும் ஹஜிமே ஹிரோசேயும் அத்தகைய மெல்லிய குழாயை மூக்கு வழியாகக் குரல்வளைக்கு மேலே இறக்கினார்கள். வாயும் நாக்கும் தடையின்றி இருந்ததால், மனிதர் இயல்பாகப் பேசும்போதே குரல்நாணைப் பார்க்க முடிந்தது. 1988ல் சூசன் லாங்மோர் குழுவினர் இதே குழாயை, விழுங்கும் உணவு மூச்சுப்பாதைக்குள் நழுவுகிறதா என்று பார்க்கும் சோதனையாக விரித்தார்கள். பின்னர் இழைக் கற்றையின் இடத்தில், முனையிலேயே பொருத்திய கேமரா சில்லு வந்தது. டாக்டரின் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது திரைக்கு வந்தது, நோயாளியும் பார்க்க முடிந்தது.

சோதனை நடக்கும் விதம் எளிது. மூக்கில் லிக்னோகைன் போன்ற மரப்பு மருந்தைத் தெளிக்கிறார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் உள்ளே போகும்போது அழுத்தமும் கூச்சமும் இருக்கும். வலி பெரும்பாலும் இராது. ‘ஈ’ என்று இழுக்கச் சொல்வார்கள். அந்த ஒலியில் நாக்கு முன்னே நகர, குரல்வளை மூடியும் விலகி வழிவிடுகிறது. மரப்பு தெளியும் வரை எதையும் குடிக்கவோ உண்ணவோ கூடாது, புரையேறிவிடும். அதிர்வைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால், வாய் வழியாக வைக்கும் விறைப்பான, முனையில் 70 அல்லது 90 பாகை பார்வைக் கோணம் கொண்ட குழாயோடு ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்வதும் உண்டு.

திரையில் தெரிவது தொண்டையின் நோய் மட்டுமல்ல. இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றி மேலேறி வருகிறது. ஆகவே இடது நாண் அசையாமல் நின்றால் நுரையீரலையும் நெஞ்சையும் தேடிப் பார்க்கிறார்கள். தைராய்டு அறுவையிலும் இந்த நரம்பு ஆபத்தில் இருப்பதால், முன்னும் பின்னும் நாண் அசைவைப் பார்த்துப் பதிவு செய்வது நல்ல வழக்கம்.

எப்போது சோதனைக்குப் போவது என்பதில் மருத்துவர்களின் பொறுமை குறைந்திருக்கிறது, அது நல்லதே. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அகாதமி 2009ல், குரல் கம்மல் மூன்று மாதம் தீராவிட்டால் பார்க்க வேண்டும் என்றது. 2018ல் அந்த வரம்பை நான்கு வாரமாகக் குறைத்தது. புகைப்பவர், கழுத்தில் கட்டி கண்டவர், மூச்சுத் திணறுபவர், அறுவைக்குப் பின் குரல் மாறியவர், குரலை நம்பிப் பிழைக்கும் ஆசிரியர், பாடகர் ஆகியோர் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டியதில்லை.