தெருக்கடையில் பிறந்த சுஷி



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் தொழிற்சாலை போட்ட பிறகு, சென்னையில் ஜப்பானிய உணவகங்களும் சில வந்துவிட்டன. சுஷி என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றுவது இரண்டு: பச்சை மீன், பணக்காரர் சாப்பாடு. வரலாறு வேறு கதை சொல்கிறது. அப்படி ஒரு சின்ன உணவகத்துக்குப் போகும் முன் அதைத் தெரிந்துகொண்டால் சாப்பாடு இன்னும் ருசிக்கும்.

ஆதியில் சுஷி ஊறுகாய் மாதிரியான ஒன்று. மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். சாப்பிடும்போது சோற்றை ஒதுக்கிவிடுவார்கள். பிவா ஏரிப் பகுதியில் 'ஃபுனாசுஷி' இன்றும் இப்படித்தான் தயாராகிறது. பிற்காலத்தில், அவ்வளவு நாள் காத்திருக்காமல் சோற்றிலேயே வினிகர் கலந்து புளிப்பை வரவழைத்தார்கள்.

அடுத்த மாற்றம் எடோ நகரில் வந்தது. இன்றைய டோக்கியோதான் அது. 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். பிழைக்க வந்த தச்சர்களும் கூலியாட்களும் அவர்களில் ஏராளம். இவர்களின் பசியாற்றியவை தெருவோரக் கடைகள். 1820களில் ஹனாயா யோஹேய் என்பவர், வினிகர் சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீனை வைத்து உடனே கொடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார் என்பார்கள். ஒவ்வொரு துண்டும் இன்றையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. நின்றபடி இரண்டு மூன்று சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். நம் கையேந்தி பவன் போலத்தான்.

குளிர்பெட்டி இல்லாத காலம் என்பதால் மீனை அப்படியே வைக்க முடியாது. சோயா சாஸில் ஊறவைத்தார்கள், உப்பும் வினிகரும் போட்டார்கள், சிலவற்றை வேகவைத்தார்கள். இன்று கொள்ளை விலை விற்கும் சூரை மீனின் கொழுப்பு வயிற்றுப் பகுதியை அன்று சீந்துவாரில்லை.

இந்த எடோ சுஷி நாடு முழுக்கப் பரவியதற்கு இரண்டு துயரங்கள் காரணம். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ அழிந்தபோது, சுஷிக்காரர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பித் தொழிலைத் தொடர்ந்தார்கள். பிறகு உலகப் போர். அரிசித் தட்டுப்பாட்டால் 1947இல் அரசு உணவகங்களுக்குத் தடை போட்டது. டோக்கியோ சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாங்கள் உணவு விற்கவில்லை, வாடிக்கையாளர் கொண்டுவரும் அரிசியைச் சுஷியாக்கித் தந்து கூலி மட்டும் வாங்குகிறோம் என்றார்கள். நாம் மாவு மில்லில் அரிசி கொடுத்து அரைத்து வாங்குவது போல! ஒரு 'கோ', அதாவது சுமார் 150 கிராம் அரிசிக்குப் பத்துத் துண்டு. அரசும் ஒப்புக்கொண்டது. மற்ற ஊர்க்காரர்களும் இதையே பின்பற்ற, டோக்கியோ முறையே எங்கும் நிலைத்தது.

இனி, நீங்கள் போகும்போது:

கையால் சாப்பிடத் தயங்காதீர்கள். தெருக்கடைக் காலத்திலிருந்தே அது வழக்கம். சோயா சாஸில் சோற்றை அல்ல, மீன் பக்கத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், சோறு உதிராது. தட்டில் வைத்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய 'கப்பா மாகி' உண்டு. ஆனால் மிசோ சூப்பில் பெரும்பாலும் காய்ந்த மீன் சேர்ந்த சாறு இருக்கும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முக்கியமாக, இடம் பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எட்டு, பத்து நாற்காலி உள்ள கடையில் வருபவர் கணக்குப் பார்த்துத்தான் மீன் வாங்குவார்கள். நாலு பேர் வராவிட்டால் அன்றைய லாபமே போய்விடும். நிலநடுக்கத்தையும் தடையையும் தாண்டி வந்த தொழில் இது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.