ஒழுகாத ஆதரவாளர்

ஆங்கிலச் செய்தியில் ‘ஸ்டான்ச் சப்போர்ட்டர்’ என்று வந்தால் நம் கை யோசிக்காமல் ‘தீவிர ஆதரவாளர்’ என்று எழுதிவிடும். பல வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன். தீவிரம் என்றாலே கொஞ்சம் சூடு. ஸ்டான்ச்சில் சூடே கிடையாது; அது தண்ணீரில் பிறந்த சொல்.

பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்கு நீர் புகாதது என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதேதான். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துக் கீல் பூசுவார்கள். அதற்குப் பிறகும் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராவிட்டால் அந்தக் கப்பல் ஸ்டான்ச். மோப்பத்தை விடாமல் தொடரும் வேட்டை நாயையும் அப்படிச் சொன்னார்கள். கட்சி மாறாத மனிதன் 17ஆம் நூற்றாண்டில்தான் இந்த வரிசையில் வந்து சேர்ந்தான். ஆக, அவனைப் பாராட்டுவது உரக்கக் கோஷம் போடுவதற்காக அல்ல, எந்தப் பக்கத்திலும் கசியாததற்காக. காயத்தில் வடியும் ரத்தத்தை நிறுத்துவதற்கும் இதே சொல்தான். வினையாக வரும்போது ‘ஸ்டாஞ்ச்’ என்று எழுத்தைச் சற்று மாற்றி எழுதுவோர் உண்டு.

இதே குடும்பத்துப் போர்த்துக்கீசியச் சொல் ‘டாங்கே’. அடைத்துத் தேக்கிய நீர். நம் ஊர் ஏரிகளை வெள்ளைக்காரன் ‘டேங்க்’ என்று எழுதியதற்கு வேர் அதுதான் என்பது ஒரு கட்சி. குஜராத்தி, மராத்திச் சொற்களைக் காட்டுவது இன்னொரு கட்சி. இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இன்றும் இருக்கிறது. தேக்கி வைக்கத்தான் ஏரி இல்லை. 1916இல் போர்க்களத்தில் இறங்கிய இரும்பு வண்டிக்கும், ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி என்ற பாவனையில் வைத்த பெயர்தான் டேங்க்.

சரி, ‘ஒழுகாத ஆதரவாளர்’ என்று எழுதிவிடலாமா? முடியாது. தமிழில் ஓட்டைக் கூரையும் ஒழுகும், நல்லவர்களும் நெறிப்படி ஒழுகுவார்கள். ஒழுக்கம் என்ற சொல்லே அந்த ஓட்டத்திலிருந்து வந்ததுதான். நம்மிடம் ஒழுகாதவன் என்றால் ஊர் வேறு மாதிரிப் புரிந்துகொள்ளும்.

இப்போதெல்லாம் ‘விட்டு விலகாத ஆதரவாளர்’ என்று எழுதுகிறேன். தலைப்பில் இடம் போதவில்லை என்று அதைத் ‘தீவிர’ ஆக்கிவிடுகிறார்கள்.