கோட்டையும் நிழற்படமும்

திண்டுக்கல் சமவெளியில் எத்திசையினின்று வருவோர்க்கும் முதலில் புலப்படுவது ஊரன்று. ஊருக்கு அடையாளமாய் நிற்கும் பாறையே. அதன்மீது மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605ஆம் ஆண்டில் கோட்டை எழுப்பினார். 1755இல் ஐதர் அலி அங்குப் படைத்தலைவராக அமர்ந்தார். 1767, 1783, 1790 என மும்முறை ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது நிலையாக அவர்கள் வசமாயிற்று.

அண்மையில் நான் அப்பாறைமீது ஏறியபோது, மாணவர் சிலர் மதிலைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டிருந்தனர். காவலர் ஒருவரும் புன்முறுவலுடன் அப்படத்துள் அடங்கினார். ஐதர் காலத்தில் இது நடந்திருக்குமா? மதில் எங்கே தாழ்ந்துள்ளது, காவலர் எத்துணையர் என்று வரைந்து செல்பவனை ஒற்றன் என்றே கொண்டிருப்பர். போர் ஓய்ந்த 1792இல்தான் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் தென்னாட்டில் உலவி, திண்டுக்கல் சீமையின் ஆத்தூர்ப் பகுதியையும் தீட்டினர்.

அன்றைய ஐயம் இன்று சட்டமாக வாழ்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கத்துடன் தடைசெய்யப்பட்ட இடத்தை வரைதல் குற்றம் என்கிறது, நம் நாட்டின் 1923ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம். வரைதல் என்பதில் நிழற்படமும் அடங்கும். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானதளத்தருகே, விமானங்களின் எண்களைக் குறித்துவந்த பிரிட்டானியர் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும் ஒற்றரென்று சிறைப்பட்டனர். அவர்கள் முற்றும் விடுதலை பெற 2002 நவம்பர் ஆயிற்று. குறிப்பேட்டுக்கே இந்நிலை எனில், ஒளிப்படக் கருவி எழுப்பும் ஐயத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. பொதுவிடத்தில் கடமையாற்றும் போலீசாரைப் படமெடுப்பது குடிமக்களின் உரிமை என்று 2011இல் பாஸ்டன் நகரின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ் நிலையம் 1923ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் தடைசெய்யப்பட்ட இடமன்று என 2022இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை கூறிற்று. காவலை வேவு பார்க்கும் கருவியே, காவலர் வரம்பு மீறாதபடி காக்கும் சாட்சியாகவும் ஆகிறது.

மாணவர்களே, நாளை உங்களுட் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாகக் கடல் கடப்பீர்கள். அந்நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். அறியாத இடத்தில் முதலில் கேளுங்கள். காவலர் கை உயர்த்தித் தடுத்தால் கருவியைத் தாழ்த்துங்கள். நம் பாறையில் தடையின்றி எடுக்கும் ஒரு படம், போரும் அச்சமும் விலகிய பின்னரே நமக்கு வாய்த்தது என்பதை மறவாதீர்கள்.