பருகிய பாலுக்குப் பணம்: ஒரு மீளளிப்பு முறையின் வரலாறு

பராமரிப்பு நிலையம் ஒன்றிற் பகற்பொழுதைக் கழிக்கும் சிறு குழந்தைக்கு ஒரு குவளை பால் கொடுக்கப்படுகின்றது. அப்பாலுக்கான பணத்தை யார், எப்பொழுது, எந்தக் கணக்கின்படி கொடுத்தனர் என்ற வினா வரலாற்று மாணவருக்கு உரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். அரசர்களின் போர்களையும் ஆள்பதிகளின் ஆணைகளையும் கற்றுப் பழகிய நமக்குப் பாற்கணக்கு அற்பமாகவே தோன்றும். ஆயினும், அரசு தன் குடிகளுட் சிறியோரை எவ்வாறு மதித்தது என்பதை அதன் பிரகடனங்களைக் காட்டிலும் அதன் பற்றுச்சீட்டுகளே தெளிவாகக் கூறுகின்றன. கொழும்புத்துறை போன்றதொரு யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரின் குழந்தைக்குப் பால் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலுக்கு அரசு பணம் செலவிடும் வழிகள் பல எனினும், அவற்றை மூன்றுள் அடக்கலாம். பாலையே பொருளாக அனுப்பிவைப்பது ஒன்று. தலைக்கு இவ்வளவு என நன்கொடை வழங்கி, அதனைக்கொண்டு பாலோ சோறோ வாங்கிக்கொள்க என விட்டுவிடுவது மற்றொன்று. நிலையம் தானே பால் வாங்கிக் கொடுத்து, கொடுத்ததற்குரிய கணக்கைக் காட்டியபின் அப்பணத்தைத் திருப்பியளிப்பது மூன்றாவது. இம்மூன்றாவது முறையையே இங்கு மீளளிப்பு என்கின்றோம். இம்மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எழுதுவினைஞரின் வேறுபாடு மட்டுமே எனக் கொள்ளுதல் தவறாகும்.

மீளளிப்பு முறை நீண்டகாலம் நிலைத்த நாடு பிரித்தானியா. அங்கே பாடசாலைப் பாலின் தொடக்கம் குழந்தைகளின் மீதிருந்த இரக்கத்தினால் மட்டும் ஏற்பட்டதன்று. 1930களிற் பால் விலை வீழ்ச்சியுற்றுப் பண்ணையாளர் இடருற்றபோது, 1934இல் ஏற்படுத்தப்பட்ட திட்டம் மூன்றிலொரு பைந்துப் பாலை அரைப்பெனி விலையில் மாணவருக்கு வழங்கியது. மிகுதிப் பாலுக்கு ஒரு சந்தை வேண்டியிருந்தது. மாணவரின் வயிறு அச்சந்தையாயிற்று. இதனைக் குறையாகக் கூறவில்லை. நல்ல செயல்கள் பல இத்தகைய கலப்பு நோக்கங்களிலிருந்தே பிறந்துள்ளன.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. 1940 யூலையில் உணவு அமைச்சு தேசியப் பால் திட்டத்தைத் தொடக்கிக் கருவுற்ற தாய்மார்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்துப் பாலைக் குறைந்த விலையிலும், வறியோர்க்கு இலவசமாகவும் வழங்கியது. தாய்மார் போர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். குழந்தைகள் பகற் பராமரிப்பு நிலையங்களில் விடப்பட்டனர். போர்க்காலத்து நலவுணவு ஏற்பாட்டிலிருந்தே இந்நிலையங்களுக்கான பாலும் தோன்றியது. நாளொன்றில் இரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ நிலையத்தில் தங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் மூன்றிலொரு பைந்து, அதாவது 189 மில்லிலீற்றர் பால். வாங்கிய நிலையத்துக்கு அதன் விலை திருப்பியளிக்கப்படும் என்பதே அதன் சாரம்.

இதற்கு இணையாக வளர்ந்த பாடசாலைப் பாலின் கதை பலரும் அறிந்தது. 1946இன் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர் அனைவருக்கும் இலவசப் பால் அளித்தது. 1968இல் தொழிற்கட்சி அரசு இடைநிலைப் பாடசாலைகளில் அதனை நிறுத்தியது. 1971இல் கல்வியமைச்சராயிருந்த மார்கிறெற் தட்சர் ஏழு வயதைக் கடந்தோர்க்கு நிறுத்தினார். பாலைப் பறித்தவர் என்ற பழிப்பெயர் அவரை இறுதிவரை தொடர்ந்தது. தொழிற்கட்சி தொடக்கியதை அவர் தொடர்ந்தார் என்ற உண்மை அப்பெயரில் மறைந்துபோயிற்று என்பதையும் இங்கே குறித்தல் நேர்மையாகும்.

நமது ஆய்வுக்கு வேண்டியது இதன் பின்னர் நிகழ்ந்ததே. பாடசாலைப் பால் குறுகிக்கொண்டே சென்ற காலத்திலும் பராமரிப்பு நிலையங்களின் பால் தப்பிப்பிழைத்தது. 1990இற் சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க் அதனையும் நிறுத்தலாம் என யோசனை கூறியபோது, பிரதமராயிருந்த தட்சரே மறுத்துவிட்டார் என்பதைப் பின்னர் வெளியிடப்பட்ட ஆவணங்கள் காட்டுகின்றன. மீதமாகக்கூடியது நாற்பது இலட்சம் பவுண் மட்டுமே. அதற்காக எழக்கூடிய கூக்குரலைப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கேட்டிருந்தார். 2010 ஓகஸ்டில் மீண்டும் அத்தகைய யோசனை எழுந்தபோது, டேவிட் கமரூனின் அலுவலகம் செய்தி வெளிவந்த அன்றே அதனைக் கைவிட்டது.

இந்தப் பால் பிழைத்தது ஏன்? அரசியல்வாதிகளின் அச்சம் ஒரு காரணம். ஆயினும் முறையின் அமைப்பிலும் ஒரு காரணம் உண்டென்பது எமது கருத்து. மீளளிப்பு நாடெங்குமுள்ள சிறு நிலையங்களுக்குச் சிதறிச் செல்லும் பணம். ஏற்கனவே பருகப்பட்ட பாலுக்கான கடன். கொடுக்கவிருப்பதை நிறுத்துதல் எளிது. கொடுக்கவேண்டியதை மறுத்தல் கடினம். மீளளிப்பு, பாலைத் தருமத்தின் பக்கத்திலிருந்து கடனின் பக்கத்துக்கு நகர்த்திவிடுகின்றது. இம்முறையின் வலிமை இதுவேயாகும்.

அதன் நோயும் இதே இடத்திலிருந்துதான் வந்தது. வாங்கிய விலை எதுவாயினும் திருப்பித்தருவோம் என அரசு கூறும்போது, விலை பேசவேண்டிய தேவை வாங்குவோர்க்கு இல்லாதொழிகின்றது. நிலையங்களுக்குப் பால் விநியோகித்து, அவற்றின் சார்பிற் கோரிக்கையும் சமர்ப்பிக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் பெருகின. 2007ஐ அடுத்த சில ஆண்டுகளுள் செலவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 2012இல் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் இதற்கு மாற்றுவழிகள் குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கோரவேண்டியதாயிற்று.

இனி ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். கொழும்புத்துறைக் குழந்தையின் குவளைக்கும் அமெரிக்காவின் பாற்கணக்குக்கும் நேரான தொடர்பு இருப்பதே அதற்குக் காரணம். பண்ணை விலைகளைத் தாங்கிப்பிடிப்பதற்காக அமெரிக்க அரசு பாற்பொருட்களைத் தானே கொள்வனவு செய்து களஞ்சியங்களிற் குவித்து வந்தது. இக்குவியலைக் கரைப்பதற்கு 1954இல் இரு வழிகள் திறக்கப்பட்டன. ஒன்று விசேட பால் நிகழ்ச்சித்திட்டம்: பாடசாலை ஒவ்வொரு அரைப்பைந்துப் பாலை வழங்கும்போதும் அதற்கெனக் குறித்த தொகை பணமாக மீளளிக்கப்பட்டது. 1956இல் இலாபநோக்கற்ற பாலர் பாடசாலைகள், சிறுவர் பராமரிப்பு நிலையங்கள், கோடைகால முகாம்கள் ஆகியவற்றுக்கும் இது விரிவாக்கப்பட்டது. மற்றையது அதே 1954இல் நிறைவேறிய 480ஆம் இலக்கப் பொதுச்சட்டம். அது மிகுதி விளைபொருட்களைப் பிறநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. கெயர் போன்ற தொண்டு நிறுவனங்களின் கைகளினூடாகவும் அப்பொருட்கள் சென்றன.

அமெரிக்கக் குழந்தைக்குப் புதுப்பாலும், அதனை வாங்கிய நிலையத்துக்குப் பணமும் கிடைத்தன. கடல்கடந்த குழந்தைக்கு ஆடை நீக்கிய பால்மா கிடைத்தது. முன்னதற்குக் கோரிக்கைப் படிவம் உண்டு. பின்னதற்கு நன்றிக் கடிதம் மட்டுமே உண்டு. 1974இல் அமெரிக்கச் சட்டம், அரைப்பைந்துக்கான மீளளிப்பு ஐந்து சதத்துக்குக் குறையலாகாது எனவும், விலைச் சுட்டெண்ணோடு ஆண்டுதோறும் அது திருத்தப்படவேண்டும் எனவும் விதித்தது. விலை ஏறினால் தொகையும் ஏறும். இத்தகைய வாக்குறுதி எதுவும் கப்பலில் வந்த மாவுக்கு இருக்கவில்லை. 1960களில் மிகுதிக் குவியல் குறைந்தபோது பால்மாவும் குறைந்தது; 1966 முதல் சோளம், சோயா ஆகியவற்றோடு சிறிது பால்மா சேர்ந்த கலவை அதனிடத்தைப் பிடித்தது. குழந்தையின் தேவை மாறவில்லை. வேறொரு நாட்டின் களஞ்சியம் மாறியது.

இலங்கையிற் கெயர் நிறுவனத்தின் பணி 1950இல் தொடங்கியது. பெரிய பாத்திரத்தில் வெந்நீரிற் கரைத்து வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஊற்றப்பட்ட மாப்பாலையும், அதனோடு கிடைத்த பணிஸையும், பின்னாளில் வந்த பிஸ்கற்றையும் குடாநாட்டின் முதியோர் இன்றும் நினைவுகூருவர். சிலர் அதன் மணத்தை விரும்பிக் கூறுவர். சிலர் முகஞ் சுளிப்பர். 1973இல் திரிபோஷா அறிமுகமாயிற்று. சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அம்மாவு தாய்சேய் நிலையங்களினூடாக வழங்கப்பட்டது. இத்திட்டங்கள் எண்ணற்ற உயிர்களைத் தாங்கின என்பதை மறுப்பது நன்றிகேடாகும். எனினும் அவையனைத்தும் பொருளாக வந்தவையே. பொருள் வராதபோது கேட்பதற்கு எவருக்கும் உரித்திருக்கவில்லை. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ்க் குடாநாட்டில் குழந்தைப் பால்மாவும் அரும்பொருளாயிற்று. 2022இன் நெருக்கடியிற் சோளத் தட்டுப்பாட்டினால் திரிபோஷா உற்பத்தியே தடைப்பட்டது.

அவ்வாறாயின் மீளளிப்பு என்ற முறை யாழ்ப்பாணத்துக்குப் புதியதா? அன்று. பாலில் நாம் அதனைக் காணவில்லை. கல்வியில் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டோம். மோர்கன் குழுவின் அறிக்கையை அடுத்து 1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டபின், பாடசாலைகளுக்குப் பெறுபேறுகளுக்கு ஏற்ப உதவி நன்கொடை வழங்கப்பட்டது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியோர் தொகைக்கு ஏற்பப் பணம் வரும். செய்துமுடித்த பணிக்குப் பின்னர் பணம் என்னும் அதே தத்துவம். இதன் பயனைப் பெரிதும் பெற்றோர் மிஷனரிமார். அவர்களிடம் முதலில் இட்டுச் செலவிடக் கைப்பணம் இருந்தது. கணக்கெழுதும் பழக்கம் இருந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை 1870இலேயே நன்கொடை பெற்றது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளும் அது ஊரவரின் கொடையிலேயே நடந்தது. கொழும்புத்துறையிற் கத்தோலிக்கத் திருச்சபையினர் நடத்திய ஆசிரிய கலாசாலையும் இவ்வுதவி நன்கொடை உலகைச் சேர்ந்ததே. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அவ்வுலகம் முடிவுற்றது.

பின்னர் பணம் என்பது முன்னர் பணம் வைத்திருப்போர்க்கே வாய்ப்பானது என்பதை இவ்வரலாறு ஐயமின்றிக் காட்டுகின்றது. பிரித்தானியாவின் பாற்றிட்டத்தை வியந்து, அதனையே இங்கும் கொணர்வோம் எனக் கூறுவோர் இதனை மறத்தலாகாது. மூன்று மாதத்துப் பாலை முதலிற் கடனுக்கு வாங்கக்கூடிய நிலையமே கோரிக்கையை அனுப்பமுடியும். தென்னோலை வேய்ந்த பாலர் பாடசாலையில் சிறு கொடுப்பனவுக்குப் பணிபுரியும் ஆசிரியை அதனை எங்ஙனம் செய்வார்?

இலங்கை தன் சிறுவர் இல்லங்களுக்குத் தெரிந்தெடுத்தது இரண்டாவது வழியையே. 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச்சட்டம் இல்லங்களைப் பதிவுசெய்யப் பணித்தது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தோன்றியது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்பின் இப்பொறுப்பு மாகாணங்களுக்கும் சென்றது. தொண்டர் இல்லங்களுக்குத் தலைக்கணக்கில் நன்கொடை வழங்குவதே வழக்கம். இதிற் படிவச் சுமை குறைவு. இல்லத்தவர்க்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் தலைக்கணக்கு விலையைப் பார்ப்பதில்லை. 2021 ஒக்ரோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்குமுன் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் இறக்குமதிப் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. ஆறு மாதத்தில் இரட்டித்த விலையின் முன்னே, சுற்றறிக்கையாற் குறிக்கப்பட்ட தொகை என்ன செய்யும்? போரினாற் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஏற்ற இல்லங்கள் மிகுந்த வடக்கில் இவ்வினா ஏட்டு வினாவன்று. பெயரேட்டில் தலை குறையாது. குவளையிற் பால் குறையும். கணக்காய்வாளர் காண்பது பெயரேட்டை மட்டுமே.

இன்னொன்றும் கூறவேண்டும். பொருளாக வந்த பால்மா நமது இடையருக்கோ மாடு வளர்ப்போருக்கோ ஒரு சதமும் ஈட்டித்தரவில்லை. மேய்ச்சல் நிலம் குறைந்த குடாநாட்டில் ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள. யாழ்கோ போன்ற கூட்டுறவு அமைப்பு அவர்களின் பாலைச் சேகரிக்கின்றது. பருகிய பாலுக்குப் பணம் என்ற ஏற்பாட்டில் நிலையம் அயலிலே பால் வாங்கும். பணம் அயலிலே நிற்கும். 1934இற் பிரித்தானியர் தம் பண்ணையாளருக்காகக் கண்ட அதே சந்தையை நாம் நமது மாடுவளர்ப்போருக்குக் காண்பதில் நாணமென்ன?

மீளளிப்பு முறையை எண்பதாண்டுகள் கையாண்ட நாட்டிலேயே ஒரு பகுதி அண்மையில் அதனைத் திருத்திக்கொண்டமை ஈண்டு நோக்கத்தக்கது. ஸ்கொத்லாந்து 2021 ஓகஸ்டில் பழைய திட்டத்திலிருந்து விலகித் தனதொன்றை ஏற்படுத்தியது. அங்கே குழந்தையின் நாட்கணக்கே இன்றும் அளவை. ஆனால் தொகை, உள்ளூர் நிலைக்கேற்ப முன்னரே நிர்ணயிக்கப்படுகின்றது. நிலையம் பால் வாங்குமுன்னரே அதன் கையிற் சேர்கின்றது. இடைத்தரகரின் விலையேற்றத்துக்கும் கைப்பணமற்ற சிறு நிலையத்தின் இடருக்கும் ஒருங்கே விடைகாண முயன்ற ஏற்பாடு இது. கொழும்புத்துறையிலோ அரியாலையிலோ ஒரு பாலர் பாடசாலை இவ்வாறு மாதத் தொடக்கத்திற் பணம் பெற்று, அயல்வீட்டுப் பசுவின் பாலை அளந்து வாங்கி, மாத முடிவில் குழந்தைகளின் வரவேட்டோடு கணக்கை ஒப்புவிப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாகாணத்தின் சுற்றறிக்கை ஒன்றும், விலையோடு ஏறும் ஒரு வீதமுமே போதுமானவை.