‘அம்மா’ என்று தட்டினால் கணினி எதைச் சேமிக்கிறது?

பழைய இறுவட்டு ஒன்றிலிருந்து ஒரு கடிதத்தையோ பெயர்ப்பட்டியலையோ கைத்தொலைபேசியில் திறக்கிறீர்கள். தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரிகின்றன. கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டதாக இருக்கும். அதில் உள்ள தகவல் அப்படியே இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையில் நடப்பதை அறிய வேண்டும்.

விசை அனுப்புவது எண் மட்டுமே

விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் ‘ஏ’ விசையை அழுத்தினால் 30 என்ற எண் செல்லும். விரலை எடுத்தால் 128 கூட்டி 158 என்ற எண் செல்லும். எண் வந்தவுடன் கணினி தான் செய்துகொண்டிருந்த வேலையைச் சற்று நிறுத்தி, அந்த எண்ணை வாசித்து, ஓர் அட்டவணையில் ஒப்பிட்டு, எழுத்துக்குரிய குறியெண்ணாக மாற்றும். சிறிய ‘ஏ’ எழுத்துக்கு அது 97.

அன்று எழுத்தின் உருவத்தை வரைந்தது கணினியின் வரைகலை அட்டை. அன்றைய வண்ண வரைகலை அட்டை 80 நிரலும் 25 வரியும் கொண்ட திரைக்கு, ஒவ்வோர் இடத்திற்கும் 2 பைட் ஒதுக்கியது. ஒன்றில் எழுத்தின் குறியெண், மற்றதில் நிறம். அட்டையிலிருந்த ஒரு சில்லில் 256 உருவங்கள் புள்ளிகளாகப் பதிக்கப்பட்டிருந்தன. அட்டை குறியெண்ணைப் பார்த்து அதற்குரிய உருவத்தை வரைந்தது. அதே அட்டையில் ஒளிப்பேனா இணைக்கவும் இடமிருந்தது. பேனா திரையைத் தொட்டபோதும் கணினிக்குக் கிடைத்தது படமல்ல, நினைவகத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்தான்.

ஆக, சேமிக்கப்படுவது எண். உருவம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

பாமினி செய்தது என்ன?

பாமினி எண்களை மாற்றவில்லை. உருவங்களை மட்டும் மாற்றியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எண்களாகச் சொன்னால் 109, 107, 59, 107, 104. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் உள்ளன. அதே ‘அம்மா’ அங்கு 2949, 2990, 3021, 2990, 3006 ஆகும். இரண்டிற்கும் பொதுவான எண் ஒன்றுகூட இல்லை.

இதன் விளைவு பாரதூரமானது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரை யூனிகோட்டில் தட்டி, பாமினியில் உள்ள பட்டியலில் தேடினால் ‘இல்லை’ என்றே விடை வரும். பெயர் அங்கே இருக்கும். கணினி வேறு எண்களைத் தேடுகிறது. பார்வைக்குத் தெளிவாகத் தமிழில் தெரியும் பிடிஎஃப் கோப்புகளிலும் இது நிகழும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பாமினியை யூனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. தனிப்பட்ட விபரங்கள் உள்ள ஆவணமாயின், வலைத்தளத்தில் ஒட்டாமல் உங்கள் கணினியிலேயே இயங்கும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கள். எல்லா வேலையையும் பிரதியில் செய்யுங்கள். எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் உள்ளது என்ற விபரம் வேர்ட் கோப்பிலேயே பதிந்திருக்கும். வெறும் எழுத்தாக வெட்டி ஒட்டினால் அது தொலைந்துவிடும்.

பின்னர் ஆங்கிலத்தில் இருந்த பகுதிகளைப் பாருங்கள். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருக்கிறது. அதனால் ஆங்கில எழுத்துருவில் இட்ட காற்புள்ளி, மாற்றிய பின் ‘இ’ ஆகிவிடும். பெயர்ப்பட்டியலில் ‘கண்ணன்இ ராணி’ என்று வருவது இதனால்தான். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 9 இலக்கங்களின் பின் வரும் பெரிய ‘வி’ எழுத்து ‘ஏ’ ஆகவும், ‘எக்ஸ்’ எழுத்து ‘ஓ’ ஆகவும் மாறும். அந்த ஓர் எழுத்துப் பிழையுடன் முறைப்பாடு ஒன்றைக் கையளித்தால் பின்னர் அலைச்சல் உங்களுக்கே.

இறுதியாக, மாற்றிய பிரதியை அச்சிட்டு, அந்த மனிதர்களை அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் பெயர், திகதி, ஊர் ஆகியவற்றை மூலத்துடன் ஒப்பிடச் செய்யுங்கள். கருவிக்கு எண்கள் தெரியும். அது யாருடைய பெயர் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்.